ஒட்டடைக் கம்பும் ஒரு தபால் வாக்கும்

சேலையூர்,
வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி.

பாளையங்கோட்டையில் பென்ஷனும் பெருமையுமாக வீற்றிருக்கும் அன்பு மச்சான் ஜெபகுமார் அவர்களுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் உங்கள் தங்கை ஞானஜோதியும் உயிரோடு இருக்கிறோம். அங்கே தாங்களும், அக்காவும், அக்காவின் இரண்டு முழங்கால்களும் சுகமாக இருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம். இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று உறையைப் பார்த்ததும் நினைத்திருப்பீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்டவன் எழுதுகிறான். தங்கள் கடைக்குட்டி ஜென்சியின் நிச்சயதார்த்தத்தில் பத்தொன்பது அடி உயரத்திலிருந்து நான் எடுத்த படத்தைக் குழுவில் போட்டேன். உலகத்தில் எந்தக் குடும்பத்துக்கும் இப்படி ஒரு படம் கிடைத்திருக்காது. இருபது வருஷமாகப் பின்னாலிருந்து முன்னால் சீவிச் சீவித் தாங்கள் காப்பாற்றி வந்த ரகசியம் அதில் கொஞ்சம் பளிச்சென்று வந்துவிட்டது உண்மைதான். அதற்காகத் தாங்கள் அழுகிற மஞ்சள் முகத்தைப் பதினொரு தடவை அனுப்பியிருக்க வேண்டியதில்லை. பத்தே நிமிஷத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். குழுவின் நிர்வாகி யார் என்று தங்களுக்கே தெரியும். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே நீக்கினாள்.

நிற்க. இந்தக் கடிதம் சொந்த விஷயம் அல்ல. ஒரு தேர்தல் விஷயம். துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்ற முறையில் தங்களிடம் ஒரு நியாயம் கேட்கிறேன். ஆனால் நியாயத்துக்கு வருவதற்கு முன்னால், இத்தனைக்கும் காரணம் தாங்கள்தான் என்பதைப் பணிவோடு நினைவுபடுத்துவது என் கடமை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் ஓய்வு பெற்ற புதிதில், வீட்டில் சும்மா இருக்க முடியாமல், குழம்புக்கு மதிப்பெண் போடுகிறேன், துணி காயப்போடும் கொடியில் வரிசை சரியில்லை என்கிறேன் என்று உங்கள் தங்கை தங்களிடம் தொலைபேசியில் புகார் செய்தாள். தாங்கள் உடனே என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, எதையும் ரொம்பக் கிட்ட நின்னு பாக்காதீங்க. கொஞ்சம் உயரத்துல நின்னு பாருங்க, எல்லாம் சின்னதாத் தெரியும்" என்று உபதேசம் செய்தீர்கள். தாங்கள் அதை ஞான அர்த்தத்தில் சொன்னீர்களாம். நான் முப்பத்துநான்கு வருஷம் பூகோளம் நடத்தியவன். உயரம் என்று யாராவது சொன்னால் எத்தனை அடி என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். போதாததற்கு, தாங்கள் புதுப் போன் வாங்கியதும் பழைய போனை "மாப்பிள்ளைக்குப் பொழுது போகும்" என்று கூரியரில் வேறு அனுப்பி வைத்தீர்கள். பொழுது போகிறது மச்சான். மானமும் சேர்ந்து போகிறது.

பெங்களூரில் இருக்கும் நம் ஜெஃப்ரி, "அப்பா, ட்ரோன் வாங்கிக்கோங்க" என்றான். தாம்பரத்தில் பிறந்து வளர்ந்தவன் பேசுகிற பேச்சா இது? விமானப்படைத் தளம் பக்கத்தில் இருக்கிறது. மொட்டை மாடியில் வடகம் காயப்போட்டாலே மேலே ஒரு பயிற்சி விமானம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது. ட்ரோன் விட்டால் பென்ஷனைச் சிறையில்தான் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே நான் இரண்டு ஒட்டடைக் கம்புகளை வாங்கினேன், இழுத்தால் நீளுகிறதே அந்த வகை. இரண்டையும் சைக்கிள் டியூப் போட்டுச் சுற்றி ஒன்றாக்கினேன். உச்சியில் ஒரு சோப்பு டப்பாவைக் கட்டி, அதற்குள் தங்கள் போனைக் குப்புறப் படுக்க வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கினேன். பத்தொன்பது அடி. பொத்தானை யார் அழுத்துவது? முதலில் பத்து வினாடி தாமதம் வைத்துப் பார்த்தேன். பத்து வினாடிக்குள் பத்தொன்பது அடி தூக்க முடியாததால், என் மோவாயின் படங்கள் மட்டும் நாற்பது கிடைத்தன. பிறகுதான் அந்தப் போனில் ஒரு வசதி இருப்பது தெரிந்தது. அதன் எதிரில் உள்ளங்கையை விரித்துக் காட்டினால் போதும், தானே படம் எடுத்துவிடும். தன்னைத் தானே எடுத்துக்கொள்கிறவர்களுக்காக வைத்த வசதியாம். நான் பத்தடி தள்ளி நின்று வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்துவேன், அது எடுக்கும். ஆனால் கையை உயர்த்துகிறவனே கம்பையும் பிடிக்க முடியாது அல்லவா? அதனால் கம்பு பிடிக்கும் பொறுப்பில் உங்கள் தங்கையை அமர்த்தினேன்.

முதல் நாள் எங்கள் தெருவையே எடுத்தேன். காலை ஏழு மணி. அவள் கம்போடு தெருமுனையில் நிற்கிறாள், நான் கையில் நோட்டுப் புத்தகத்தோடு இங்கேயும் அங்கேயும் நடந்து வெளிச்சம் பார்க்கிறேன். எதிர்வீட்டுக் கங்காதரன் பல் துலக்கிக்கொண்டே வந்து, "இன்னா சார், அளக்கிறீங்களா?" என்றார். "ஆமாம், வெளிச்சத்தை அளக்கிறேன்" என்றேன். இந்த வாக்கியத்தில் 'ஆமாம்' என்ற முதல் சொல்லை மட்டும் வாயில் நுரையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், எட்டு மணிக்குள் தெரு முழுக்கச் செய்தி பரப்பிவிட்டார். மெட்ரோ ரயில் பாதையை மாற்றிவிட்டார்களாம், கேம்ப் ரோட்டை விட்டுவிட்டு எங்கள் தெரு வழியாக வருகிறதாம், எலியேசர் வாத்தியார்தான் அரசாங்கத்துக்காக ரகசியமாக அளக்கிறாராம். ஒன்பது மணிக்கு இரண்டு வீட்டுத் தரகர்கள் வந்தார்கள். ஒன்பதரைக்கு, காம்பவுண்டு சுவர் போகப்போகிறது என்று ஒரு அம்மா அழுதுகொண்டு வந்தார். பத்து மணிக்கு எட்டாம் நம்பர் வீட்டுக்காரர், "எங்க வீட்டை மட்டும் ஏன் சார் விட்டுட்டீங்க? நாங்க என்ன பாவம் பண்ணோம்?" என்று சண்டைக்கு வந்தார். சந்தேகம் தீர எல்லோரையும் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. மேலிருந்து பார்த்தால், தெருவில் இருக்கும் இருபது வீட்டில் பத்தொன்பது வீட்டின் வாசற்படியும் தெருவுக்குள் இரண்டடி நடந்து வந்திருந்தது அழகாகத் தெரிந்தது. வராத ஒரே வீடு கங்காதரனுடையது. அன்றிலிருந்து அவர் மட்டும்தான் தெருவில் என்னோடு பேசுகிறார், அதுவும் என் வாசற்படியைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்.

இத்தோடு உங்கள் தங்கை கம்பைப் போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். மறுநாள் ஆறரைக்கே குளித்து, ஃபிளாஸ்கில் காபி ஊற்றி, வெயிலுக்கு ஒரு தொப்பியும் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கான்வாஸ் ஷூ வேறு வாங்கி வைத்திருக்கிறாள் மச்சான், இந்த வயதில். நான் இன்னும் என்னென்ன வம்பில் மாட்டுகிறேன் என்று பக்கத்தில் நின்று பார்த்துத் தங்களுக்கு அறிக்கை அனுப்பத்தான் இத்தனை ஏற்பாடும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

அடுத்தது அங்காளம்மாள். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்து, கேம்ப் ரோட்டில் கூடை போட்டு மீன் விற்கிறவர். மேலிருந்து பார்த்தால் அந்தக் கூடைகளும், ஐஸும், சுற்றி நிற்கிற ஜனமும் கோலம் போட்ட மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு கற்பனை. கம்பை நிறுத்தினோம். "இன்னா சார் பண்ணிக்கினு கீற?" என்றார். "படம் எடுக்கிறேன், மேலேர்ந்து" என்றேன். "மேலேர்ந்து பாக்க நீ இன்னா காக்காவா?" என்றார். படம் நன்றாகவே வந்திருந்தது. இறக்கிக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "அட போ சார்! என் வஞ்சிரத்த நெத்திலியாக்கி வச்சிக்கிற! இத்தப் பாத்தா எவன் சார் வாங்குவான்? கீய குந்திக்கினு எடு. மீனும் பெர்சாத் தெரியும், நானும் பெர்சாத் தெரிவேன்." முப்பத்துநான்கு வருஷம் வகுப்பில் நான் கேட்காத தொழில் நுணுக்கத்தை நடுரோட்டில் கேட்டுக்கொண்டேன். சரி, இன்னும் ஒரே ஒரு படம் என்று கம்பை மறுபடி ஏற்றினால், உங்கள் தங்கை சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் சிரித்தால் தோள் குலுங்கும், தங்களுக்குத் தெரியும். தோள் குலுங்கினால் பத்தொன்பது அடி உச்சியில் என்ன நடக்கும் என்பதைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தங்கள் போன் சங்கரா மீன் கூடைக்குள் விழுந்தது. உடையவில்லை, ஐஸ் காப்பாற்றியது. ஆனால் யாராவது அழைத்துக் காதில் வைத்தால் இன்னும் அந்த வாசனை வருகிறது. தாங்கள் அழைத்தால் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது.

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்துக்குப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். நடைமேம்பாலத்தில் ஏறி, மின்சார ரயிலிலிருந்து ஜனம் இறங்குவதை எடுக்க ஆசை. கம்பை நீட்டுவதற்குள் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் ஓடி வந்து, "சார், மேல கரண்ட் கம்பி போவுது. உங்களுக்கு வேணா சீக்கிரம் போய்ச் சேரணும்னு இருக்கலாம், அம்மாவையும் எதுக்கு சார் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. கீழே இறங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கட்டிக்கொண்டு வந்திருந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டோம். டீயை ஊதிக்கொண்டே, "இன்னைக்கு நல்லா இருந்துச்சுங்க" என்றாள். என்ன நல்லா இருந்தது? ஒரு படம்கூட எடுக்கவில்லை. அதை எடுத்துச் சொன்னேன். மிச்ச டீயைக் குடித்துவிட்டுக் கம்பை எடுத்துத் தோளில் வைத்தாள். எட்டு மாதமாக என்னோடு அலைந்தும் புகைப்படக் கலையில் அவள் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சபைக்குச் செயலாளர் தேர்தல் வந்தது. நான் நின்றேன். எனக்கு எதிராக சாலமன் நின்றார். மறைமலை நகரில் கார் உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரிடமும் சிரித்துப் பேசுகிறவர், அதாவது பதவிக்கு எந்தத் தகுதியும் இல்லாதவர். "வாத்தியார் வந்தா ஞாயித்துக்கிழமை அட்டெண்டன்ஸ் எடுப்பார்" என்று சபை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அபாண்டம் என்று சொல்ல முடியவில்லை, நான் பதிவேடு தயார் செய்து வைத்திருந்தேன். மச்சான், கிண்டல் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒன்றை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முப்பத்துநான்கு வருஷம் நான் உள்ளே நுழைந்தால் நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். இந்த இரண்டு வருஷமாக நான் நுழைந்தால் மின்விசிறிகூடத் திரும்புவதில்லை. "சார், இதுல ஒரு கையெழுத்து" என்று கேட்டு யாரும் வாசலில் நிற்பதில்லை. எனக்கு அந்தப் பதவி வேண்டும். ரொம்ப வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சபையின் ஐம்பதாவது ஆண்டு விழா. ஆராதனை முடிந்ததும் எல்லோரையும் ஆலய வளாகத்தில் நிறுத்தி, மேலிருந்து ஒரே படத்தில் எடுத்துத் தருவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். போனை முடுக்கிக் கம்பை ஏற்றி நிறுத்தி எல்லாம் தயார். அந்த நேரம் பார்த்து ஆயர் ஐயா, "எல்லாரும் ஒண்ணா இருக்கோம், செயலாளர் தேர்தலை இப்பவே கை தூக்கி முடிச்சிடலாமே, அப்புறம் நிம்மதியா சாப்பிடப் போகலாம்" என்றார். பின்னால் பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள், ஜனநாயகம் அவசரப்பட்டது. போட்டியிடுகிறவர்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும், அவர்கள் வாக்களிக்கக் கூடாது. நான் கம்பை உங்கள் தங்கையிடம் ஒப்படைத்து, "என்ன ஆனாலும் கையை விட்டுடாதே" என்று சொல்லிவிட்டுப் போய் நின்றேன். கை தூக்கினார்கள். ஆயரும் அவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரும் இரண்டு தடவை எண்ணினார்கள். சாலமனுக்கு ஐம்பத்தெட்டு, எனக்கு ஐம்பத்தேழு. ஒரே ஒரு கை. சாலமன் பாய்ந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவர் பிடித்த பிடியில் என் சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்த ஏற்புரை எட்டாக மடிந்தது. பிரியாணியில் எனக்கு எலும்புதான் வந்தது.

வீட்டுக்கு வந்து போனை இறக்கிப் பார்த்தால், உள்ளே நாற்பத்துமூன்று படங்கள்! உள்ளங்கையைக் காட்டினால் எடுக்கும் போனின் கீழே ஒரு சபையே கை தூக்கினால் அது என்ன செய்யும் பாவம்? ஆயர் ஆரம்ப ஜெபத்துக்குக் கை உயர்த்தினார், எடுத்திருந்தது. யாரோ 'அல்லேலூயா' என்று கை உயர்த்தினார், எடுத்திருந்தது. வாக்கெடுப்பு முழுவதையும் எடுத்திருந்தது. இந்தியத் தேர்தல் வரலாற்றில் கடவுளின் கோணத்திலிருந்து பதிவான வாக்கெடுப்பு இது ஒன்றாகத்தான் இருக்கும். மறுநாளே கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடையில் நான்கு படங்களைப் பெரிதாக அச்செடுத்து, சாலமனுக்குத் தூக்கிய கைகளுக்குச் சிவப்பு மையும் எனக்குத் தூக்கிய கைகளுக்கு நீல மையும் வைத்து எண்ணினேன். இந்தப் படங்களில் முகமே கிடையாது மச்சான், வெறும் தலைகள். வழுக்கையை வைத்தும் வகிட்டை வைத்தும்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று நாள் உட்கார்ந்தேன். முன்பு என்னிடம் டியூஷன் படித்த கிறிஸ்டியின் சுருட்டை முடிக்குச் சிவப்பு மை வைப்பதற்கு முன்னால் மூன்று தடவை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், அது தனிக் கதை. எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே ஒரு தலை, படத்தின் அடி ஓரத்தில், சாலமனுக்கும் கை தூக்கவில்லை, எனக்கும் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து வைத்துக்கொண்டு, ஜெபம் பண்ணுகிற மாதிரி நின்றது. மற்ற எல்லாத் தலைக்கும் பெயர் எழுதிவிட்டேன், இது யார் என்று மட்டும் பிடிபடவில்லை. தேர்தல் நேரத்தில் ஜெபம் பண்ணுகிற அந்தப் பரிசுத்தவாட்டி யார் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

புதன்கிழமை மத்தியானம் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். உங்கள் தங்கை தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பானைக்கு மேலே குனிந்தவன் தற்செயலாகக் கீழே பார்த்தேன். அதே தலை. இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்த அதே வகிடு. முப்பத்தைந்து வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் அவளை மேலிருந்து பார்த்ததில்லை. வகிட்டின் இரண்டு பக்கமும் நன்றாகவே நரைத்திருந்தது. எனக்குத் தெரியாது. தண்ணீர் மொள்ளாமலே டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு கோபம் வந்தது.

"நீ எனக்குக் கை தூக்கலையா?" என்றேன்.

"எந்தக் கையைத் தூக்க?" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"ரெண்டு கையில ஏதாவது ஒண்ணு!"

"ரெண்டு கையாலயும் உங்க கம்பைத்தானே பிடிச்சிட்டிருந்தேன்? என்ன ஆனாலும் விட்டுடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு கையை விட்டிருந்தா போன் ஆயர் மண்டையில இறங்கியிருக்கும். அப்புறம் தேர்தல் எங்க நடக்கிறது, ஆஸ்பத்திரியிலயா?"

மச்சான், அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்! அவள் எனக்கு எதிராக நிற்கவில்லை. பணியில் இருந்திருக்கிறாள்! நான் சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று எத்தனை தேர்தலில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். தேர்தல் பணியில் இருப்பவர் நேரில் வாக்களிக்க முடியாவிட்டால் அவருக்கு என்ன உரிமை உண்டு? தபால் வாக்கு! கம்பு பிடித்தவருக்கும் அதே உரிமை உண்டு அல்லவா? அன்றே மனு எழுதிக்கொண்டு ஆயரிடம் ஓடினேன். "சபை விதியில தபால் வாக்கு கிடையாதே சார்" என்றார். "கூடாது என்றும் போடவில்லையே" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சிலுவையைப் பார்த்தார். "சாலமன் சம்மதிச்சா எனக்கு ஆட்சேபனை இல்லை" என்றார். சாலமன் சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டார். "அக்கா ஓட்டுப் போடட்டும் சார். சமமா வந்துட்டா சீட்டுக் குலுக்கிப் பாத்துக்குவோம், அப்போஸ்தலர்களே அப்படித்தானே பண்ணாங்க" என்றார். பெருந்தன்மை காட்டி என்னை அவமானப்படுத்துகிறாராம். காட்டட்டும்.

ஆகவே தங்களுக்கு இந்தக் கடிதம். வாக்கைப் பிரித்துப் பார்த்து முடிவைச் சான்றளிக்க, தேர்தல் அனுபவமுள்ள, எந்தப் பக்கமும் சாயாத அதிகாரி ஒருவர் வேண்டும் என்று ஆயர் சொன்னார். தாங்கள் எனக்கு மச்சான், வாக்காளருக்கு அண்ணன். இதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும்? நடைமுறை இதுதான். என் கையெழுத்துக்குக் கீழே 'பின்குறிப்பு' என்று தலைப்புப் போட்டு, ஒரு முழுப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதில் உங்கள் தங்கை தன் கைப்படத் தன் வாக்கை எழுதி, உறையைத் தானே ஒட்டுவாள். அந்த நேரம் நான் வாசலில் நின்று தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், வீட்டுப் பக்கம் திரும்பவே மாட்டேன். ரகசிய வாக்கின் அருமை எனக்குத் தெரியும். அதில் என்ன இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், அது வேறு விஷயம். கடிதம் கிடைத்த அன்றே முடிவை ஆயருக்கும் எனக்கும் எழுதிவிடுங்கள். சீட்டில் என் பெயர் வருவதற்கு ஆண்டவரிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன். ஏற்புரையை இஸ்திரி போட்டு வைத்தாகிவிட்டது.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதங்கள். தங்கள் தலைமுடி ஒவ்வொன்றும் எண்ணப்பட்டிருக்கிறது என்று வேதம் சொல்கிறது, தங்கள் விஷயத்தில் அந்த வேலை சீக்கிரமே முடிந்திருக்கும். கர்த்தர் தங்களை உயரமான இடங்களில் நடக்கப்பண்ணுவாராக. போகும்போது ஒரு தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை,
தே. எலியேசர்,
பூகோள ஆசிரியர் (ஓய்வு),
சபைச் செயலாளர் (முடிவு நிலுவையில்).

பின்குறிப்பு: (தபால் வாக்குக்காக விடப்பட்ட இடம். வாக்காளரைத் தவிர வேறு யாரும் எழுதக் கூடாது.)

அண்ணன், ஞானம் எழுதுகிறேன். சொன்ன மாதிரியே வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கங்காதரன் சார் கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டேன் என்கிறார்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்குக் கம்பைத் தூணில் கட்டிவிட்டுப் போகலாம் என்றுதான் அவர் முதலில் சொன்னார். "கயிறை வீட்டுல மறந்துட்டேன், நானே பிடிச்சுக்கிறேன், நீங்க போங்க" என்று சொன்னது நான். கயிறு என் கைப்பையில்தான் இருந்தது. சாலமனுக்குக் கை தூக்க எனக்கு மனசு இல்லை. இவருக்குத் தூக்கவும் மனசு வரவில்லை. அதனால் இரண்டு கையையும் கம்புக்குக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து பள்ளிக்கூடம், தேர்தல் வேலை, ஜனத்தொகைக் கணக்கு, விடைத்தாள் திருத்துவது என்று போய்க்கொண்டே இருந்தார். ஒரு நாள்கூட "நீயும் வா" என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இந்த எட்டு மாதமாகத்தான் விடிந்ததும் "ஞானம், கிளம்பலாமா?" என்கிறார். கம்பு பிடிக்கத்தான் கூப்பிடுகிறார், எனக்குத் தெரியாதா? ஆனாலும் கூப்பிடுகிறாரே அண்ணன். செயலாளர் ஆகிவிட்டால் மறுபடியும் கூட்டம், கையெழுத்து, வாசலில் "சார் இருக்காரா" என்று நாலு பேர். கம்பு பரணில் ஏறிவிடும். நான் அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன்.

அதனால் என் வாக்கு சாலமனுக்கு.

ஆயருக்கு உள்ளதை எழுதிவிடுங்கள், அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். இவருக்கு மட்டும், தங்கச்சிக்கு ஓட்டுப் போடத் தெரியவில்லை, இரண்டு பெயரையும் எழுதிச் செல்லாத வாக்காக்கிவிட்டாள் என்று எழுதுங்கள். இரண்டு நாள் என்னைத் திட்டுவார். மூன்றாம் நாள் காலையில் கிளம்பலாமா என்பார்.